கவிழ்க்காத தட்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில் என் நாத்தனார் மண்ணைத் தட்ட ஆரம்பித்தால், நாலு தெரு தள்ளித் தூங்குகிறவர்கள்கூட யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து, "இதோ வந்துட்டேன்" என்று எழுந்து ஓடுவார்கள். நாலு தெரு என்பது கொஞ்சம் அதிகம்தான். எதிர்வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை அப்படி எழுந்து போய்க் கதவைத் திறந்தார் என்பது மட்டும் உண்மை. அவருக்கு ஒரு காது மந்தம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால் நான் ரொம்பவும் மிகைப்படுத்தவில்லை என்பது விளங்கும்.

கையில் ஒரு மரப்பலகை. எதிரே இடுப்பு உயரத்துக்கு ஈரமணல் குவியல். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பளார் பளார் என்று வைப்பாள். கூம்பி நிற்கிற மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் தோள் இறங்கி, முனை மழுங்கி, கவிழ்த்து வைத்த பெரிய வாணலி மாதிரி ஆகும். "இப்படியா போட்டு அடிப்பே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அடிக்கல அண்ணி, தட்டறேன். தட்டினாத்தானே தட்டு."

அந்தக் குவியல்தான் அச்சு. அதன் மேல் பாலிதீன் விரிப்பு, விரிப்பின் மேல் சிமெண்ட் கலவை. இறுகிய பிறகு தூக்கிக் கவிழ்த்தால் மணல் சரிந்து கீழே போய்விடும். அகன்ற தட்டு ஒன்று மிஞ்சும். தோட்டங்களில் தண்ணீர் நிரப்பி அல்லி வளர்க்கிறார்களே, பறவை குளிக்கட்டும் என்று வைக்கிறார்களே, அந்தத் தட்டு. நர்சரிக்காரர் சின்ன லாரியில் வந்து ஏற்றிக்கொண்டு போவார். போகும்போது ஒவ்வொரு முறையும், "அக்கா, கொஞ்சம் கனம் கொறைங்க, என் இடுப்பு போவுது" என்பார். அவளும் ஒவ்வொரு முறையும், "இடுப்பை மாத்துங்க, தட்டை மாத்த மாட்டேன்" என்பாள்.

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல்லக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பல் அக்கா. பல் டாக்டரிடம் அச்சு எடுக்கிற வேலையில் தலை நரைக்கும் வரை இருந்தவள். வாய்க்குள் பசை நிரப்பிய சின்னத் தட்டைத் திணித்து, இறுகியதும் சடாரென்று பிடுங்கி, அதில் பிளாஸ்டரை ஊற்றி, பல் வரிசையை அப்படியே மேசை மேல் சிரிக்க வைப்பாள். அவள் வார்த்த பற்களை வரிசையாக அடுக்கினால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரலாம். திரும்பி வருவதை வேண்டுமானால் விட்டுவிடுகிறேன்.

அந்த வேலையின் மிச்சமெல்லாம் இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பச்சை அங்கி, ரப்பர் கையுறை, தாடையில் தொங்கும் முகமூடி. வலது இடது மட்டும் அவளிடம் கேட்கக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நோயாளிக்கு எது வலதோ அதுவே அவளுக்கு வலது. வண்டியில் அவள் வழி சொன்னால் போக வேண்டிய இடத்துக்கு நேர் எதிரே போய் இறங்குவோம். "நான் சரியாத்தான் சொன்னேன், ரோடு திரும்பி உக்காந்திருக்கு" என்பாள்.

கலவையை எப்போதும் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் அப்புவாள். உச்சியிலிருந்து பூசினால் வழிந்து இறங்கி விளிம்பில் தொப்பை போட்டுவிடுமாம். "பேஸ்ட் பதம் அண்ணி. பிரஷ்ல வச்சா நிக்கணும், வாஷ்பேசின்ல விழக் கூடாது." முதல் பூச்சுக்கு மேல், பூவிதழ் மாதிரி வெட்டிய கோழிக்கூட்டு வலை. அதற்கு மேல் இரண்டாம் பூச்சு. கனம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க, சொத்தைப் பல்லைக் குத்திப் பார்க்கும் கொக்கிக் கம்பியை வைத்திருக்கிறாள். குத்திப் பார்த்துவிட்டு அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் தடவி மூடும்போது அவள் முகம் பார்க்க வேண்டும். வலித்துவிட்டதோ என்று சிமெண்டைக் கேட்பது போலிருக்கும். கடைசியாக உச்சியில் வளையம் மாதிரி ஒரு கால் வைப்பாள். இப்போது தலையில் நிற்கிற அந்தக் கால், கவிழ்த்த பிறகு தரையில் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்து குவியலைப் பார்த்துச் சொல்வாள்: "அசையாதீங்க. மூக்கால மூச்சு விடுங்க."

என் கணவருக்குத் தங்கையைப் பற்றி ஒரே ஒரு குறைதான். அதைப் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அடிக்கடி சொல்லுவார். "இவ கை வச்சா எல்லாம் கவுந்துடும்." அவர் நல்ல அர்த்தத்தில் சொல்வதில்லை. அவளோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வாள். "கவுக்கறதுதானே அண்ணா என் வேலை. கவுக்காம எது நிமிர்ந்துச்சு?"

இந்த வீட்டில் இரட்டை அர்த்தமுள்ள இன்னொரு சொல்லும் உண்டு. சிமெண்ட் இறுகும் வரை ஈரச்சாக்கு போர்த்தி, காயாமல் நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவள் சொல்வது, தண்ணி காட்டறது. ஊரில் இதற்கு வேறொரு பொருள் இருப்பதை என் மகன் மறந்துபோனான். மறந்ததன் பலனை அனுபவித்தான்.

அவன் கார் வாங்கியதில் ஆரம்பித்தது. கார் தெருவில் மரத்தடியில் நின்றது. மரத்தில் இருந்த பறவைகள் அதை ஏதோ தங்களுக்காகவே விரித்து வைத்த வெள்ளைத் தாள் என்று நினைத்துக்கொண்டன. தினமும் காலையில் துடைத்துத் துடைத்து அவனுக்குத் தோள் வலி. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்:

"அத்தை, எங்க கொல்லையில டைல்ஸ் போட்டு மேல ஷீட் எறக்கிட்டா காருக்கு அம்சமா இருக்கும். அந்த மண்ணை மட்டும் எடுத்துடலாம்."

நாத்தனார் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எங்க?" என்றாள்.

"கொல்லையிலதான்."

"இடம் கேக்கல. எங்க கொல்லைன்னியே, அந்த எங்கவுல நான் எங்க?"

மகன் சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்துவிட்டான். என் கணவர் தண்ணீர் குடித்தார். தம்ளர் காலியான பிறகும் குடித்தார். வழக்கமாகத் தன் கிண்டலுக்குத் தானே முதலில் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

தமிழில் 'எங்கள்' என்று சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பேசுவதாக அர்த்தம். பள்ளிக்கூடத்தில் இதை எழுதினால் மார்க் கிடைக்கும். வீட்டில் எடுத்துச் சொன்னால் சண்டைதான் கிடைக்கும் என்பதால் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் பிறந்தது இந்த வீட்டில். நான் கல்யாணமாகி வந்து சேர்ந்தேன். மகன் அதற்கும் பிறகு வந்தவன். வந்த வரிசையில் பார்த்தால் எங்களைத்தான் அவள், "நீங்க எங்க?" என்று கேட்க வேண்டும்.

"சரி, மண்ணு வேணும்கறீங்க" என்று மகன் விடாமல் பேசினான். "போன தடவை பெருசா ஒண்ணு போட்டீங்களே, கவுத்ததும் என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"உடைஞ்சது."

"உடைஞ்சதுன்னு யாருடா சொன்னா? ரெண்டாச்சு."

அது உண்மைதான். சரிபாதியாகப் பிளந்த அந்தத் தட்டின் ஒரு துண்டைக் கேட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமும் நிறுத்தி, இரண்டிலும் செடி வைத்திருக்கிறாள். வருகிறவர்கள், "ஜோடியா நல்லாருக்கே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்கிறார்கள்.

"அப்ப ஒரு பந்தயம்" என்றான் மகன். "அதே அளவுல இன்னொண்ணு போடுங்க. கவுத்து முழுசா வந்தா மண்ணு இருக்கட்டும், நான் காரைப் பத்திப் பேச்சே எடுக்கல. உடைஞ்சா மறுநாளே டைல்ஸ்காரர் வருவார்."

"அதே அளவு எதுக்கு? அதைவிடப் பெருசு."

"உங்க இஷ்டம்."

"கவுத்தப்புறம்தான் முடிவு?"

"கவுத்தப்புறம்தான்."

"அண்ணா, கேட்டுக்கோ. அண்ணி, நீங்களும்" என்று எழுந்து கை கழுவப் போனாள்.

அந்தத் தட்டு எவ்வளவு பெரியது என்றால், நான் அதன் நடுவில் மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் விரித்தாலும் விளிம்பு தொடாது. நான் உயரத்தில் சிக்கனமானவள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொல்லை முழுக்கக் குவியல். ஒரு மூலையில் துணி காய்கிற கொடி மட்டும் பிழைத்தது. கலவை குழைக்க என்னையும் இழுத்துப்போட்டாள். நான் செய்ததெல்லாம் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு தப்பான இடத்தில் ஊற்றியதுதான். "அண்ணி, சிமெண்டுக்கு ஊத்துங்க, எனக்கு வேண்டாம், நான் காலையிலேயே குளிச்சுட்டேன்." என் கணவர் பின்வாசலில் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்தார். ஒரு பக்கத்தைக்கூட அவர் திருப்பவில்லை என்பதை நான் கவனித்தேன். உச்சியில் வளையக் காலை வைத்து முடித்தபோது அவள் புருவத்தில்கூட சிமெண்ட்.

"அசையாதீங்க" என்றாள் தட்டிடம். "யார் வந்து சொன்னாலும் அசையாதீங்க."

அப்புறம் ஈரச்சாக்கு, தண்ணீர்.

மகன் காலையில் பல் விளக்கிக்கொண்டே பின்வாசலுக்கு வந்து நிற்பான். "காஞ்சுதா அத்தை?"

"தண்ணி காட்டிட்டிருக்கேன்டா."

அடுத்த வாரம். "கவுக்கலாமா அத்தை?"

"தண்ணி காட்டிட்டிருக்கேன்ல."

மறுபடியும் கேட்டான். "பெருசு இல்லையா, பொறுமை வேணும்" என்றாள். டைல்ஸ்காரர் மாதிரிப் பலகையோடு இரண்டு தடவை வந்து வாசலோடு திரும்பிப் போனார். கடைசியில் மகன் ஒரு கொத்தனாரை வரச்சொன்னான்; காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவர் வந்துவிட்டார். அவர் சாக்கை விலக்கி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது காஞ்சு எவ்வளவோ நாளாச்சும்மா. இது மேல வீடே கட்டலாம்."

"கட்டிடாதீங்க. அதுலயும் காருக்கு இடம் கேப்பான்."

கொத்தனார் சிரித்தார். மகன் வாயில் நுரையோடு அப்படியே நின்றான். அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. துப்பிவிட்டு நேராக என்னிடம் வந்தான். "அம்மா, அத்தை எனக்குத் தண்ணி காட்டறாங்க."

"அப்படியா? நான் சிமெண்டுக்குன்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

அடுத்த விடுமுறை நாளில் நாலு ஆட்களோடு வந்துவிட்டான். கயிறு, கடப்பாரை, கவிழ்க்கும்போது தாங்க இரண்டு பழைய டயர். கொல்லைக் கதவைத் திறந்தால், கவிழ்ந்து கிடக்கிற தட்டின் உச்சியில், அந்த வளையக் காலுக்குள் பாந்தமாக உட்கார்ந்து நாத்தனார் ஆப்பிள் தின்றுகொண்டிருக்கிறாள். பச்சை அங்கி, கையுறை, எல்லாம் போட்டுக்கொண்டு.

"எறங்குங்க அத்தை."

"ஏன், காத்து நல்லா வருதே."

"பேச்சு மாறலாமா? பந்தயம் ஞாபகம் இருக்கில்ல?"

"நான் எங்க மாறினேன்? கவுத்தப்புறம்தான் முடிவுன்னு நீதானே சொன்னே. கவுத்தாச்சா?"

நாலு பேரும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மகனுக்குக் காது சிவந்தது. "பயம் உங்களுக்கு. உடைஞ்சிருக்கும்னு தெரிஞ்சுபோச்சு. அதான் கவுக்க மாட்டேங்கறீங்க."

அவள் ஆப்பிளை இடது கைக்கு மாற்றி, வலது கையால் தட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்றது. கோயில் மணி தோற்றது என்று எழுதலாம்; ஆனால் கூட நாலு சாட்சிகள் இருந்ததால் அடக்கிக்கொள்கிறேன். பித்தளைக் குடத்தைச் சுண்டிய மாதிரி இருந்தது. ஆட்களில் மூத்தவர், "சத்தமே சொல்லுதே சார், ஒரு கீறல்கூட இருக்காது" என்றார்.

மகன் திகைத்துப் போனான். "அப்புறம் என்ன? கவுத்து ஜெயிச்சுட்டுப் போங்களேன். மண்ணு உங்களுக்கே."

"அதான் வேண்டாங்கறேன்."

"எது?"

"உங்கிட்ட ஜெயிச்சா, நீ குடுத்து நான் வாங்கின மாதிரி ஆயிடும்" என்றாள். குரலை உயர்த்தவில்லை; நோயாளியிடம் பேசுகிற அதே நிதானம். "நான் நிக்கற இடத்துல நிக்க எனக்கு எதுக்குடா பந்தயம்? அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டேன். எங்க கொல்லைன்னியே, அதுல நான் எங்கன்னு. சிரிச்சே. இன்னும் பதில் வரல. வரட்டும், கவுக்கறேன். அதுவரைக்கும் தண்ணி காட்டிட்டுதான் இருப்பேன்."

"அத்தை, ஒரு வார்த்தைக்காகவா இவ்வளவும்?"

"வார்த்தை சின்னதுதானே. சொல்லிட்டுப் போயேன்."

அவன் கடப்பாரைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்லுவான்? அவன் அப்பாவின் பிள்ளை ஆயிற்றே. மூச்சு மட்டும் புஸ்புஸ்ஸென்று வந்தது.

"மூக்கால விடு" என்றாள் அவள், ஆப்பிளைக் கடித்தபடி.

நாலு பேரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். மூத்தவர் போகும்போது டயர் இரண்டையும் சுவரோரம் சாய்த்துவிட்டு, "இருக்கட்டும்மா, வேணும்போது சொல்லுங்க, வந்து கவுத்துத் தரோம்" என்றார். தட்டு கவிழ்ந்தபடியே கிடக்கிறது. அவள் உட்காராத நேரத்தில் அந்த வளையக் காலுக்குள் தண்ணீர் தேங்குகிறது. பறவைகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன. மரத்தடிக் காரை மறந்து எல்லாம் இங்கே வந்துதான் முங்கிச் சிறகு உதறுகின்றன. "பாத்தீங்களா அண்ணி, கவுக்காமலே வேலைக்குச் சேந்துடுச்சு." கார் இப்போது சுத்தமாக இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லத்தான் ஆளில்லை. அத்தையும் மருமகனும் தலையசைப்பிலேயே குடும்பம் நடத்துகிறார்கள். அவளும் சளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் குழாயைத் திறந்து, ரப்பர் ட்யூபின் நுனியைத் தட்டின் உச்சியில் போட்டுவிட்டுத்தான் மறு வேலை. இறுகி எப்போதோ கல்லாகிவிட்டதற்குத் தண்ணீர்.

இதை எழுதி முடித்ததும் அவளுக்கே படித்துக் காட்டலாம் என்று கொல்லைக்குப் போனேன். பெரிய தட்டுக்கும் சுவருக்கும் நடுவே கிடைத்த சந்தில் ஒரு சின்னக் குவியலைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டின் மேல் வழக்கம்போல் தண்ணீர் வழிந்தது. பின்வாசல் படியில் மகன் காபியோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் படிக்கு அவன் வந்து உட்கார்ந்தே பல நாளாகிறது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியை உரக்கப் படித்தேன். எங்கள் வீட்டுக் கொல்லையில் என் நாத்தனார் மண்ணைத் தட்ட ஆரம்பித்தால், நாலு தெரு தள்ளி...

பலகை அந்தரத்தில் நின்றது. இறங்கவில்லை.

"என்ன, நாலு தெரு ஜாஸ்தியா? மூணுன்னு போட்டுக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெருவை விடுங்கம்மா" என்றான் மகன், தம்ளருக்குள் குனிந்தபடி. "மொத வார்த்தையே தப்பு. எங்க இல்ல. நம்ம."

நாத்தனார் பலகையைக் கீழே வைத்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாக உருவினாள். எழுந்து போய்க் குழாயை மூடினாள்.